கிளினிக் நாள் மட்டும் ஏறுற பிரசர்

முறிகண்டியில பஸ் நிண்டா, கோயிலைக் கும்பிட்டிட்டு வாற சனம் கச்சான் கடலை வாங்காமப் போறது குறைவு. அந்தக் கொட்டில் வரிசையில கடைசிக்கு முதல் கொட்டில் அழகம்மாக்கான்ர. அறுபத்தொரு வயசு. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோட தாய் தகப்பனோட மலைநாட்டில இருந்து வன்னிக்கு வந்தவா, அப்ப பதின்மூண்டு வயசு. இன்னும் வாயில "ஓம்" வராது, "ஆமா" தான். பக்கத்துக் கொட்டில் தங்கராசாண்ணை அதுக்கு ஒவ்வொரு நாளும் பகிடி பண்ணுவார், அவாவும் ஒவ்வொரு நாளும் திருப்பிக் குடுப்பா. நான் ரெண்டு வீடு தள்ளி இருக்கிறன். வயசுக்கு அம்மா எண்டுதான் கூப்பிடோணும், ஆனா ஊரே அக்கா எண்டா எனக்கும் அக்காதான்.

அவா வேலை செய்யிறதைக் கிட்ட நிண்டு பாக்கோணும். பெரிய இரும்புத் தாச்சி, அதுக்குள்ள மண், கீழ விறகு எரியும். மண் நல்லாச் சூடேறினாப் பிறகு கச்சானைக் கொட்டி விடாமப் பிரட்டோணும். கை கொஞ்சம் நிண்டாலும் கருகிப்போடும். நாளைக்கு எட்டு மணித்தியாலம் அந்த நெருப்புக்கு முன்னால. அதில நிண்டுகொண்டு ஒரு ஆளுக்குத் தலை சுத்தினா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

ரெண்டு வருசமா அக்காவுக்குப் பிரசரும் சீனி வருத்தமும். மாசம் ஒருக்கா கிளினிக். ஆஸ்பத்திரியின்ர பேரை நான் வேணுமெண்டுதான் எழுதேல்ல, இது எங்கயும் நடக்கும். காலமை ஐஞ்சரை பஸ்ஸில போய் நம்பர் துண்டு எடுத்து, வெறும் வயித்தில ரத்தம் குடுத்து, பிரசர் பாத்து, டொக்டருக்கு முன்னால போய் இருக்கப் பத்தரை பதினொண்டாகும். இருந்தா ஒரு நிமிசம். வெளியில இருநூறு பேர் நிக்கேக்க அவரும் பாவம்தான்.

மாசியில பிரசர் நூற்றி அறுபது. மருந்துக் குளிசையைக் கூட்டினார். பங்குனியில நூற்றி எழுபது. திரும்பவும் கூட்டினார். சித்திரையில நூற்றி எழுபத்தெட்டு. புதுசா இன்னொரு குளிசையும் சேர்ந்திட்டுது. ஒவ்வொரு முறையும் அவர் கேக்கிறது ஒரே கேள்வி, குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ எண்டு. அக்கா ஆமா எண்டுவா. பிறகு ஏனம்மா கூடுது எண்டுவார். அதுக்கு அக்காவுக்கு என்ன தெரியும்?

சித்திரை மாசம் மகள் பிரேமிளாவும் கூடப் போனவா. காமென்ட்ஸ் தையல் பக்டரியில வேலை, லீவு எடுத்துக்கொண்டு போய் டொக்டர் முகத்தைச் சுழிச்சதைப் பாத்திட்டு வந்து வீட்டில ஒரே சண்டை. தாய் குளிசையைக் களவா எறியிறா எண்டே முடிவு கட்டியிட்டா. அண்டையில இருந்து குளிசையைத் தானே கையில வச்சு, விழுங்கும் வரைக்கும் நிண்டு, வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பாப்பா. அறுபத்தொரு வயசு ஆள் வாயைத் திறந்து காட்டினது.

அதுக்குப் பிறகுதான் தலைச்சுத்து கூடினது. பாயால எழும்பினா கண் இருட்டும். ஒருநாள் அகப்பை கையில இருக்க அப்பிடியே சரிஞ்சா. தங்கராசாண்ணை பாஞ்சு தோளில பிடிச்சு இழுத்தபடியால சீலைத் தலைப்பு மட்டும் பொசுங்கினது.

"கச்சானை வறுங்கோ எண்டா நீங்கள் தாச்சிக்குள்ள ஏறப் பாக்கிறியளக்கா" எண்டு பகிடி விட்டார். பிறகு அக்கான்ர தாச்சிக்குக் கீழ இருந்த விறகை இழுத்துத் தண்ணி ஊத்தி அணைச்சார்.

பிரேமிளா சத்தம் போடேல்ல. இன்னொருக்கா விழுந்தா கொட்டில் பூட்டு எண்டு மட்டும் சொன்னா. சொன்னாச் செய்யிற ஆள். அண்டைக்குப் பின்னேரம் அக்கா எங்கட வீட்டு வாசலில வந்து நிண்டா.

"வீட்ல உக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டிருந்தா நான் ஒரு மாசந்தான், புள்ள" எண்டா. கிளினிக் கொப்பியை நீட்டி, இதுல என்னதான் எழுதியிருக்கு, வாசி எண்டு கேட்டா.

எல்லாம் இங்கிலீசு. குளிசைப் பேரும் நம்பரும் எனக்கு விளங்கிச்சு. ஆனா மாசி, பங்குனி, சித்திரை மூண்டு பக்கத்திலயும் ரெண்டு சொல் திரும்பத் திரும்ப இருந்தது: புவர் கொம்ப்ளையன்ஸ். போனில தேடிப் பாத்தன். சொன்னபடி மருந்து எடுக்காத ஆள் எண்டு அர்த்தம். எனக்குச் சொல்ல மனமே வரேல்ல. ஆனா அவா கேட்டபடியால சொன்னன்.

அக்கா கொப்பியைத் திருப்பி வாங்கி அந்தப் பக்கத்தில விரலை வச்சா.

"அப்ப நான் பொய் சொல்றேன்னு எழுதியிருக்காரா?"

மூண்டு மாசமா அந்தச் சொல்லை அவா தன்ர பையிலயே கொண்டு திரிஞ்சிருக்கிறா. எனக்கு வந்த விசருக்கு அளவில்லை. அப்பவும் நான் கேக்க வேண்டிய கேள்வியைக் கேக்கேல்ல. நானும்தான் கேக்கேல்ல.

வைகாசியில திரும்பவும் விழுந்தா. இந்த முறை தண்ணி வாளிக்குப் பக்கத்தில, நெருப்பில இருந்து தள்ளி. தங்கராசாண்ணை ஓட்டோவில ஏத்திக் கிட்ட இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார், நானும் ஏறினனான். அங்க யதுர்ஷிகா எண்டு ஒரு நேர்ஸ், வேலைக்கு வந்து ஒரு வருசம்கூட இருக்காது. பிரசர் பாத்தா. தொண்ணூற்றி ரெண்டுக்கு அறுபது. மிசினில பிழையோ எண்டு மற்றக் கையிலயும் கட்டிப் பாத்தா. அதே கணக்குத்தான். கொப்பியைத் திறந்தா நூற்றி எழுபத்தெட்டு. அந்தப் பக்கத்தில இருந்த கிளினிக் திகதியைப் பாத்தா. பிறகு கேட்டா:

"அம்மா, கிளினிக்குக்குப் போற அண்டைக்குக் காலமை குளிசை போட்டிட்டோ போறனீங்கள்?"

அக்காவுக்குக் கோவமே வந்திட்டுது. படுத்துக் கிடந்த இடத்தில இருந்து தலையைத் தூக்கினா.

"வெறும் வயித்துல வரச் சொல்லிட்டு, குளிசை போடுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

இவ்வளவும்தான் விசயம். அக்கா வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி எல்லாம் விரதம் பிடிக்கிற ஆள். வெறும் வயிறு எண்டா என்னெண்டு அவாவுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை. முதல் நாள் இரவுக் குளிசையையே விடுவா, வயிறு சுத்தமா இருக்கட்டும் எண்டு. காலமை முழுகி, திருநீறு பூசி, தண்ணி மட்டும் குடிச்சிட்டு பஸ் ஏறுவா. வாயைத் திறந்து பாக்கிற பிரேமிளாவும் அதுதான் முறை எண்டு நினைச்சவா. ரெண்டு நேரக் குளிசை இல்லாமப் போய், பஸ்ஸில நிண்டு, வரிசையில நிண்டு, பத்தரைக்குப் பிரசர் பாத்தா ஏறித்தான் இருக்கும். அதைப் பாத்து டொக்டர் கூட்டுவார். கூட்டினதை மற்ற நாளெல்லாம் ஒழுங்காப் போட்டு அக்கா விழுவா.

யதுர்ஷிகா ஆறுதலா விளங்கப்படுத்தினா. சீனிக் குளிசை சாப்பாட்டோட போடுறது, அதை ரத்தம் குடுத்துச் சாப்பிட்ட பிறகு போடலாம். பிரசர்க் குளிசையை, டொக்டர் வேற மாதிரிச் சொல்லாட்டி, ஒரு மிடறு தண்ணியோட வழமை மாதிரிப் போட்டிட்டுத்தான் போகோணும். அங்க இருந்த டொக்டரும் வந்து பாத்து, அண்டைக்கு இரவுக் குளிசையை மட்டும் விடச் சொன்னார். நாளைக்கு விட்டு நாளையிண்டைக்குக் கிளினிக் தானே, போனதும் முதல் இதைச் சொல்லுங்கோ, நீங்களா ஒண்டையும் நிப்பாட்டாதேங்கோ எண்டும் சொல்லிவிட்டார்.

பிரேமிளாவுக்கு லீவு கிடைக்கேல்ல, நான் கூடப் போனன். குளிசை போட்டிட்டுப் போன அந்த ஒரு நாள் பிரசர் நூற்றிப் பன்ரெண்டு. டொக்டரின்ர முகமே மலர்ந்திட்டுது. இப்பதான் ஒழுங்கா மருந்து எடுத்திருக்கிறீங்கள், இதையே தொடருங்கோ எண்டு எழுதத் தொடங்கியிட்டார். பிழையாக் கூடேக்கையும் கூட்டினார், இப்ப சரியா இருக்கெண்டு அந்தக் கூட்டினதையே தொடரச் சொல்லுறார். அடுத்த நம்பரைக் கூப்பிட்டாச்சு. வாசலில நிண்ட ஆள் வந்து அக்கான்ர தோளைத் தொட்டார். அக்கா கதிரையால எழும்பேல்ல.

"ஐயா, நான் எல்லா நாளும் போட்டேன். இங்க வர்ற நாளு மட்டுந்தான் போடல, வெறும் வயித்துல வரச் சொன்னீங்க. இன்னைக்குத்தான் போட்டுட்டு வந்திருக்கேன். முந்தாநாளும் விழுந்துட்டேன்."

பேனை நிண்டது. அவர் ஒவ்வொரு பக்கமாப் பின்னுக்குப் பிரட்டினார்.

"இதை ஏனம்மா முதலே சொல்லேல்ல?"

"நீங்க கேக்கலையே. குளிசை போடுறீங்களான்னு கேட்டீங்க. போட்டேன்."

புதுக் குளிசையை நிப்பாட்டினார். மற்றதைப் பழைய அளவுக்குக் குறைச்சார். ரெண்டு கிழமையால சின்ன ஆஸ்பத்திரியில பிரசர் பாக்கச் சொன்னார். மன்னிப்பெல்லாம் கேக்கேல்ல. அக்கா அப்பவும் எழும்பேல்ல. என்னட்டக் கொப்பியை வாங்கி, அந்த ரெண்டு சொல்லும் எங்க இருக்கெண்டு காட்டச் சொன்னா, காட்டினன். இதை வெட்டுங்க எண்டா. அவர் சித்திரை மாசப் பக்கத்தில மட்டும் ஒரு கோடு கீறி, பக்கத்தில கையெழுத்து வச்சார். மாசியும் பங்குனியும் அப்பிடியே இருக்கு.

வெளியில வந்து மருந்து எடுக்கிற வரிசைக்குப் போகாம, அக்கா டொக்டரைப் பாக்க வாங்கில இருந்த ஆக்களிட்ட ஒவ்வொருத்தராக் கேட்டுக்கொண்டு போனா, இண்டைக்குக் காலமை பிரசர்க் குளிசை போட்டனீங்களா எண்டு. பதினொரு பேர் இருந்தவை. எட்டுப் பேர் போடேல்ல. ஒரு ஐயா வெறும் வயித்தில எப்பிடிப் போடுறது எண்டு அக்காவையே திருப்பிக் கேட்டார். அதுக்குள்ள ஒரு நேர்ஸ் மிஸ் வந்து, ஆக்களைக் குழப்பாம மருந்தை எடுத்துக்கொண்டு போங்கோ அம்மா எண்டு ஏசினா. டொக்டரின்ர அறைக் கதவில ஒட்டியிருந்தது தொப்பி கழட்டு, போனை நிப்பாட்டு, சத்தம் போடாதே எண்டு மூண்டு அறிவித்தல். நாலாவதா, பிரசர்க் குளிசை போட்டிட்டு வாங்கோ எண்டு ஒரு வரி தமிழில ஒட்ட எவ்வளவு கடதாசி வேணும்?

குளிசையைக் குறைச்சு இண்டையோட பதினெட்டு நாள். ஒருக்காலும் தலை சுத்தேல்ல. சின்ன ஆஸ்பத்திரியில பாத்தா நூற்றி இருபத்தெட்டு. கொட்டிலைப் பூட்டு எண்டு நிண்ட பிரேமிளா மனமிரங்கி, மத்தியானம் பன்ரெண்டு மணி வரைக்கும் வறுக்கலாம், அடுத்த கிளினிக் முடிய மிச்சம் பாப்பம் எண்டு சொல்லியிருக்கிறா. அக்காவுக்கு அது பெரிய அவமானம். பன்ரெண்டுக்குப் பிறகு தங்கராசாண்ணை வந்து அவான்ர தாச்சியில வறுக்கிறார். அவா கதிரையில இருந்து, கையை நிப்பாட்டாதீங்க, மண்ணு காஞ்சிருச்சு, கண்ணு எங்க இருக்கு எண்டு அவரை ஏசிக்கொண்டே இருக்கிறா. நேற்று நான் வாங்கின பொட்டலத்தில அரைவாசி கருகல். பின்னேரம் வாங்கினது.