ஆர்டிஸ் கழுவிய தோட்டாக் கூடுகள்

எனக்கு யாரையும் புகழ்ந்து பழக்கமில்லை. மோன்டானாவில் எங்கள் பள்ளத்தாக்கில் புகழும்படி நடந்துகொள்கிறவர்களும் அதிகமில்லை. ஆர்டிஸ் ஹோவ்லண்ட் விஷயம் வேறு. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். ஆளைப் பார்த்தால் ஸ்டியரிங்குக்கு மேலே தலை தெரியுமா என்று சந்தேகம் வரும். ஆனால் சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூட்டை அவளைப்போலச் சுத்தம் செய்ய இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. அதுவும் காசைக் கரைக்காமல்.

இங்கே காலிக் கூட்டை யாரும் எறிவதில்லை. கழுவி, புது வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி சுடுவோம். கழுவுவதற்கென்றே விதவிதமான இயந்திரங்கள் விற்கிறார்கள். நானும் ஒன்று வாங்கினேன். அது போடுகிற சத்தம் தாங்காமல் என் நாய் ஆர்டிஸ் வீட்டுக்குக் குடிபோய்விட்டது, இன்றுவரை திரும்பவில்லை.

ஆர்டிஸுக்கு ஊறுகாய் ஜாடி போதும். வெந்நீர், பாத்திரம் கழுவுகிற சோப்பு, ஜாம் காய்ச்சியதில் மிஞ்சிய எலுமிச்சை உப்பு ஒரு சிட்டிகை. மூடியை இறுக்கித் தன் பழைய பிக்கப் வண்டியின் பின்தட்டில் ஜாடியை உருட்டிவிட்டு, தபால் எடுக்கப் போவாள். எங்கள் மண்சாலையின் குலுக்கலில் அது திரும்பி வருவதற்குள் பாதி அழுக்கு கழன்றிருக்கும். பிறகு அலசல், மறுபடி அலசல், பழைய துண்டில் பரப்பிக் காயவைத்தல். காய்ந்ததை, கையால் சுற்றி ஐஸ்கிரீம் செய்கிற ஒரு பழைய வாளியில் கொட்டி, கோழிக்கூண்டில் போடுகிற சோளச்சக்கைத் தூளையும் சேர்த்துக் கைப்பிடியைச் சுற்றுவாள். வாளி மூடியில் சிவப்புப் பெயிண்டில் பெரிதாக ‘இதில் தின்னாதே’ என்று எழுதியிருக்கும். அந்த அழுக்கில் ஈயம் இருக்கிறது. அதைத் தொட்டவன் கை கழுவாமல் அவள் வீட்டு ரொட்டியைத் தொட்டுவிட முடியாது. பாதிரியாரையே குழாயடிக்கு அனுப்பியவள் அவள்.

போன செப்டம்பரில் அவள் கணவன் லைல் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். வழக்கமாக அவன்தான் நவம்பரில் மலையேறி எல்க் மான் அடிப்பான். ஒரு மான் விழுந்தால் அந்த வீட்டுக்குக் குளிர்காலம் முழுக்க இறைச்சி. இந்த முறை பெரிய ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலத்தைத் தவிர ஒன்றுமில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு தொடையைக் கொடுத்திருப்பார்கள். கேட்டால்தானே!

"நான் போறேன்," என்றாள் ஆர்டிஸ்.

"என் துப்பாக்கிய எடுத்துட்டுப் போ, தாயே," என்றேன்.

"அது உதைக்கிற உதையில என்னைத் தூக்கிட்டு வர தனி ஆள் வேணும்யா. எனக்கு லைலோட அப்பா துப்பாக்கி போதும்."

அது லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றுகிற கிழட்டுத் துப்பாக்கி, அவள் தோளுக்கென்றே அளவெடுத்ததுபோல் இருக்கும். ஆனால் அதற்கான தோட்டா எந்தக் கடையிலும் இல்லை. கொட்டகையில் ஒரு காபி டப்பா நிறையப் பழைய கூடுகள் மட்டும் கிடந்தன. பச்சைப் பாசி பிடித்ததுபோல் களிம்பேறியிருந்தன. அவள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, விரிசல் விட்டதையும் அரித்துப்போனதையும் ஒதுக்கினாள். மிஞ்சியதைத் தவணை தவணையாகக் கழுவத் தொடங்கினாள்.

இங்கேதான் லைலின் தம்பி டுவேன் வந்து சேர்ந்தான். தங்கமான மனசு, அவசரக் கை. ஐஸ்கிரீம் வாளியிலிருந்து அவள் எடுத்த முதல் நான்கு கூடுகளைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"என்ன அண்ணி, இவ்வளவு கழுவியும் பழைய ஆணி மாதிரி மங்கலா இருக்கு?"

"மான் என்ன, கண்ணாடி பாக்கவா வருது? அழுக்கு போனாப் போதும்."

அவன் கேட்கவில்லை. அண்ணிக்கு உதவுவதாக நினைத்து, அவள் பஸ் ஓட்டப் போயிருந்தபோது டப்பாவில் இருந்த மிச்சத்தை அப்படியே தன் வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போனான். தரை துடைக்கிற அம்மோனியாவில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் துணிபோட்டுத் தேய்த்தான். எங்கள் ஊரில் துப்பாக்கி பிடிக்கிற யாருக்கும் பளபளப்பின் மேல் ஒரு கிறுக்கு உண்டு. எனக்கும் உண்டு, மறைப்பானேன்.

நானும் அங்கே இருந்தபோது கொண்டுவந்து ஆர்டிஸின் மேஜையில் கொட்டினான். கல்யாண நகைபோல மின்னியது. லைல் கட்டிலில் இருந்தபடியே விசிலடித்தான். ஆர்டிஸ் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"எதுல போட்ட, டுவேன்?"

"அம்மோனியாவுல அண்ணி. தண்ணி நீலமா மாறிடுச்சு, அவ்ளோ அழுக்கு!"

"அது அழுக்கு இல்லடா. பித்தளையே கரைஞ்ச நீலம்."

அம்மோனியா பட்ட பித்தளை வெளியே சிரிக்கும், உள்ளே நொறுங்கிப்போயிருக்கும். சுடும்போது முகத்துக்குப் பக்கத்திலேயே பிளந்துகொள்ளலாம். ஒருவேளை பிளக்காமலும் போகலாம். "எல்லாமேவா கெட்டிருக்கும்? பாத்துப் பொறுக்கி எடுத்துக்கலாமே," என்று நான்தான் சொன்னேன்.

"உள்ள கெட்டது கண்ணுக்குத் தெரியாதுய்யா. லைல் படுத்துட்டான். நானும் கண்ண இழந்துட்டா பஸ்ஸ யாரு, உன் நாயா ஓட்டும்?"

சுத்தியலை எடுத்தாள். அத்தனையையும் ஒவ்வொன்றாக நசுக்கினாள், வேறு யாரும் தெரியாமல் எடுத்துச் சுட்டுவிடக் கூடாதென்று. டுவேனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அன்று வெளியே போனவன் பிறகு அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

மிஞ்சியது அந்த மங்கலான நான்கு கூடுகள்தான். அவற்றுக்கு மருந்து வைத்து, கொட்டகைக்குப் பின்னால் காகிதத்தில் சுட்டுப் பார்த்தாள். அதே நான்கையும் பொறுக்கி, சோப்பில் கழுவி, காயவைத்து, மறுபடி நிரப்பினாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்மணியின் பொறுமை என்னிடம் கால்வாசி இருந்திருந்தால் என் இரண்டு கல்யாணமும் நிலைத்திருக்கும்.

வேட்டைக்காலத்தின் கடைசி சனிக்கிழமை அவளோடு நானும் மலையேறினேன். பனி முழங்கால்வரை கிடந்தது. சரிவுக்குக் கீழே பைன் மரங்களுக்கு நடுவே ஒரு பெண் எல்க் வந்து நின்றது. ஆர்டிஸ் மூச்சை விட்டாள், சுட்டாள். விழுந்ததா என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் பழக்கத்தில் லீவரை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டாள். மான் இரண்டு அடி வைத்தது, அப்படியே சாய்ந்தது.

நான் தொப்பியை வீசி எறிந்து கத்திக்கொண்டே சரிவில் ஓடினேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். மேலே பனியில் மண்டியிட்டுத் தவழ்ந்துகொண்டிருந்தாள். அடிபட்டுவிட்டதோ என்று மறுபடி மேலே ஓடினேன்.

"என்னாச்சு ஆர்டிஸ்?"

"கூடு தெறிச்சு விழுந்துடுச்சுய்யா!"

"மான் அங்க கிடக்கு!"

"அது இனிமே எங்கயும் போகாது. நீ மிதிக்காம நில்லு."

சூடான பித்தளை பனியை உருக்கிக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. விரல் அகலத்துக்கு ஒரு சின்ன ஓட்டை. அதற்குள் கைவிட்டு எடுத்து, ஊதி, கையுறைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகுதான் மானிடம் போனாள். அதன் கழுத்தில் கைவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். நானும் அழுதேன், காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டேன்.

இறைச்சியை இறக்க, பனியில் சறுக்கிப் போகிற ஸ்லெட்ஜ் வண்டி வேண்டும். ஊரில் அது டுவேனிடம்தான் இருந்தது. கூப்பிட்ட உடனே வந்தான். ஆர்டிஸின் முகத்தை நேராகப் பார்க்காமல், மலைக்கும் வீட்டுக்குமாக இழுத்து இழுத்துக் கொண்டுவந்து சேர்த்தான். கடைசிச் சுமையை இறக்கிவிட்டு, உள்ளே வராமல் வாசற்படியோடு கிளம்பிவிடப் பார்த்தான்.

"எங்க போற? உள்ள வா," என்றாள் ஆர்டிஸ்.

"வேண்டாம் அண்ணி. நான் பண்ணின வேலைக்கு..."

அவள் கையுறையைக் கழற்றி, அந்த மங்கலான கூட்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதைக் கழுவி வை. சோப்பு மட்டும்."

டுவேன் குழாயடிக்குப் போனான். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் அதைக் கழுவினான். பிறகு யாரும் சொல்லாமலே கையையும் முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டு, சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தான்.