காக்காவின் குரலைப் பதிவு செய்த நாள்

லேப்டாப்பில் வரும் சத்தத்தை அந்த லேப்டாப்பிலேயே பதிவு செய்வது ஒரு வேலையா என்றுதான் நினைத்தேன். தொண்டியில் ஆன்லைன் சேவை மையம் நடத்துகிறவன் நான். ஊரில் பாதிப் பேருக்கு பாஸ்போர்ட் விண்ணப்பம் போட்டுக் கொடுத்த கை இது. வீட்டில் என்னைக் கேட்காமல் யாரும் மவுஸைக்கூடத் தொடமாட்டார்கள். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

என் மூத்த அண்ணனை நாங்கள் காக்கா என்போம். வளைகுடாவில் வேலை. தொண்டையில் புற்றுநோய். மூச்சு அடைக்கிற நிலையில் விமானத்தில் ஏற்ற முடியாது, அங்கேயே குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தப்பும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரால் பேசவே முடியாது. ஆபரேஷனுக்கு முன்பு வார்டு கம்ப்யூட்டரில் அரை மணி நேரம் பேச ஏற்பாடு செய்து, எனக்கு லிங்க் அனுப்பினார்கள். காக்காவின் மனைவி, என் மச்சி, என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவுக பேசுறதப் புடிச்சு வச்சுருங்க தம்பி. புள்ளைக்கு வேணும்."

காலையில் ஒத்திகைகூடப் பார்த்தேன். ஒரு மார்க்கச் சொற்பொழிவு, பயான் வீடியோவை ஓடவிட்டு ரெக்கார்டரை அழுத்தினேன். கணீரென்று பதிவாகியிருந்தது.

பிற்பகல் அசர் தொழுகை முடிந்து எல்லோரும் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். காக்கா மெலிந்துபோய்த் திரையில் வந்தார். கரகரத்த குரலில் சலாம் சொன்னார். நெடும்பயணமோ ஆபரேஷனோ என்றால், போகிறவர் வீட்டார் ஒவ்வொருவரிடமும் பொருத்தம் கேட்பது எங்களில் வழக்கம். தெரிந்தும் தெரியாமலும் செய்த தவறுகளைச் சொல்லி மன்னிக்கும்படி கேட்பார்கள்; மன்னித்தவர் பொருந்திக்கிட்டேன் என்பார். ஒருவரிடம் கேட்பது அடுத்தவர் காதில் விழக்கூடாது என்பதில் உம்மா கறார்.

"ஊருக்கே கேக்குற மாதிரி வைக்காதலே. காதுல மாட்டுறத எடு."

ஹெட்போனைச் செருகி ரெக்கார்டரை அழுத்தினேன். ரெக்கார்டரில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டுதான் இருந்தது. உம்மா மாட்டிக்கொண்டார், பிறகு மச்சி, பிறகு அவர்களுடைய பன்னிரண்டு வயது மகள். ஒவ்வொருவரும் காக்கா சொன்னதைக் கேட்டார்கள், அழுதார்கள், பொருந்திக்கிட்டேன் என்று சொல்லிக் கழற்றிக் கொடுத்தார்கள். கடைசியில் என்னிடம் வந்தது. காக்கா என்னவோ நீளமாகச் சொன்னார். நான் ரெக்கார்டரில் நொடிகள் ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதான் பதிவாகிறதே, பிறகு நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பு. அவர் நிறுத்தியதும், "பொருந்திக்கிட்டேன் காக்கா" என்றேன்.

அழைப்பு முடிந்ததும் ஓடவிட்டுப் பார்த்தேன். ஃபேன் சத்தம். உம்மா மூக்கை உறிஞ்சுகிறார். நெடுநேரம் ஒன்றுமில்லை. "பொருந்திக்கிட்டேன்ப்பா." மறுபடி ஃபேன். மச்சியின் விம்மல். "பொருந்திக்கிட்டேன்." மறுபடி ஃபேன். காக்கா கேட்ட இடமெல்லாம் வெறுமையாக இருந்தது.

ரெக்கார்டர் மைக்கை மட்டும் கேட்டிருக்கிறது. காலையில் ஸ்பீக்கரிலிருந்து வெளியே வந்த பயான் மைக்கில் விழுந்ததால் பதிவாகியிருக்கிறது. ஹெட்போன் போட்டதும் காக்காவின் குரல் எங்கள் காதோடு நின்றுவிட்டது. லேப்டாப்பின் உள்சத்தத்தை எடுக்க செட்டிங்ஸில் ஓரிடத்தில் மாற்ற வேண்டும். இரண்டே கிளிக். ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தவனுக்கு அது தெரியவில்லை.

லிங்கைத் திரும்பத் திறந்தேன். ஒரு மலையாளி நர்ஸ் வந்தார்.

"ஒரு நிமிஷம் சிஸ்டர். ரெண்டு வார்த்தை பேசுனாப் போதும்."

"தியேட்டருக்குக் கொண்டுபோயாச்சு சேட்டா."

மயக்க மருந்து கொடுப்பதற்குள் யாராவது ஒரு போனை அவர் வாயருகே பிடியுங்கள் என்று கெஞ்சினேன். கத்தினேன். அழுதேன். உள்ளே யாரும் போக முடியாது என்று அவர் இரண்டு முறை பொறுமையாகச் சொன்னார். பிறகு திரை அணைந்தது.

நான்கு நாள் மச்சியிடம் பொய் சொன்னேன், சரிசெய்து தருகிறேன் என்று. சத்தத்தைக் கூட்டினேன், கிடைத்த மென்பொருளையெல்லாம் போட்டுப் பார்த்தேன். கூட்டக் கூட்ட ஃபேன்தான் இரைந்தது. உண்மையைச் சொன்னபோது அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"காதுல கேட்டது இருக்குல்ல தம்பி," என்றார்.

எனக்கு அதுவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்துக் காக்கா வந்தார், தொண்டையில் ஓட்டையும் அதன்மேல் ஒரு துணியுமாக. அன்றைக்கு என்னிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். போனில் தட்டிக் காட்டினார்: "நீதான் பொருந்திக்கிட்டியே. விடு."



காக்காவின் மகள்தான் மச்சியின் போனைக் குடைந்து பழைய வாய்ஸ் மெசேஜ்களைத் தேடி எடுத்தாள். மொத்தம் ஏழு இருந்தன. காக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகப் போட்டாள். ஏழிலும் அவர் அவசரத்தில் இருந்தார், ஏழிலும் கிட்டத்தட்ட ஒரே பேச்சுதான்.

"டூட்டில இருக்கேன்மா. பொறவு பேசுறேன்."