கடைவாயக்காவுக்குக் கிடைத்த சலுகைகள்

பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்துகொடுக்கும் அந்தக் கூடத்தில் அவளைக் ‘கடைவாயக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். சேர்ந்த நாளிலிருந்து கடைவாய்ப் பல்லைத் தவிர வேறெதையும் அவள் கையில் கொடுத்ததில்லை. முன்பல் வேறு உலகம். சிரித்தால் தெரிவது அது. நிறத்தை அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும், விளிம்பில் வெளிச்சம் லேசாக ஊடுருவ வேண்டும். அதைக் கற்றவர்களுக்குத்தான் சம்பளம் ஏறும். பிறகு தனியாகத் தொழிலும் தொடங்கலாம்.

குறை சொல்ல முடியாத வேலையிடம். அதுதான் அவளுக்கு உறுத்தியது. முன்பல் பிரிவுக்கு மாற்றச் சொல்லி முதலில் கேட்டபோது, மறுவாரமே மதியச் சாப்பாடு இலவசமானது. அடுத்துக் கேட்டபோது கம்பெனி வேன் வீட்டு வாசல்வரை வந்தது. இன்னொரு முறை கேட்டதற்கு முதுகுக்கு இதமான சுழல்நாற்காலி.

“நீ கேக்குறது ஒண்ணு, அவரு குடுக்குறது ஒண்ணு. உங்க மேனேஜருக்குக் காது கேக்குமா, கேக்காதா?” என்றான் கணவன்.

“நல்லாவே கேக்கும். அதான் பயமா இருக்கு.”

முன்பல் வேலை பார்த்த மூத்தவர் ஒருவர் விலகிப் போனார். காலியான இடத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் மேலாளர் அவளை அறைக்கு அழைத்து, சிறந்த பணியாளர் என்று பாராட்டி ஓர் உறையை நீட்டினார். அவளும் கணவனும் கடற்கரை விடுதியில் தங்கிவர ஏற்பாடு. வரும் சனி, ஞாயிறு.

“ரொம்ப நன்றி சார். அடுத்த வாரம் போய்க்கலாமா?”

“ரூம் போட்டாச்சும்மா. போய் ரெஸ்ட் எடு. முகமே வாடிக் கெடக்கு.”

அவள் முகம் வாடியதை அதுவரை அங்கே யாரும் கவனித்ததில்லை.

மாலை வேனில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாள். “சனிக்கிழமை உங்களுக்கும் லீவா அண்ணே?”

“எனக்கு ஏதும்மா லீவு? ஸ்டேஷனுக்குப் போகணும். முன்பல் சொல்லிக்குடுக்க யாரோ வாத்தியார் வர்றாராம். புதுசா சேர்ந்த ரெண்டு பேருக்கு.” அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “நீ அந்தப் பக்கம் போயிட்டா இங்க மலையாட்டம் குவியுற கடைவாய யாரு செய்யுறது?”

வீட்டில் கணவன் பையை அடுக்கிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னாள்.

“தற்செயலா இருக்கும்டி. எல்லாத்துலயும் உள்குத்துப் பாக்காத.”

“இருக்கட்டும். நீங்க உங்க தம்பியைக் கூட்டிட்டுப் போய்க் கடலைப் பாருங்க. ரூம் வீணாக வேணாம்.”

சனிக்கிழமை பேருந்து பிடித்துக் கூடத்துக்குப் போனாள். பயிற்சியாளர் செராமிக் பொடிகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் மேலாளரின் முகம் ஒரு கணம் சுருங்கி, பிறகு மலர்ந்தது. “அட, வந்துட்டியா! உனக்குன்னுதான் ஒரு இடம் வெச்சிருந்தேன்.”

மேசைக்கு முன்னால் இருந்தவை இரண்டே இருக்கைகள். இரண்டிலும் புதியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு நாளும் பயிற்சியாளரின் தூரிகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் தட்டில் வழக்கம்போல் கடைவாய் அச்சுகள் நிறைந்திருந்தன. ஓரத்தில் ஒரே ஒரு கீழ்வரிசை முன்பல் அச்சு. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மேலாளர் தலைகுனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். வாய்ப்பா, வாயடைக்கவா? சொதப்பினால், ‘இதுக்குத்தான் உன்னைக் கடைவாயிலயே வெச்சிருந்தோம்’ என்று சொல்வதற்கா?

கடைவாய் அச்சுகளை ஒதுக்கித் தள்ளினாள். யாராவது மனம் மாறி வந்து எடுத்துக்கொள்வதற்குள், முன்பல்லில் முதல் பூச்சை ஏற்றத் தொடங்கினாள்.