செட்டருக்கு என்ன ரேட்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. திருப்பூர் நல்லூரில் ஒரு பழைய நூல் குடோன். உயரமான கூரை, நடுவில் தூண் இல்லாத தரை, நாலு பக்கமும் விளக்கு. நூல் மூட்டைகள் போய்ப் பல மாதம் ஆகியும் மேலே எங்கோ ஒட்டியிருந்த பஞ்சுத் துகள்கள் அந்த வெளிச்சத்தில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தன. கீழே பெண்கள் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் பந்தைப் பார்க்கிறேனா, பஞ்சைப் பார்க்கிறேனா என்று எனக்கே தெரியாத ஒரு நிலையில் உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு என் மனைவி வைத்திருக்கும் பெயர் 'கண்ணைத் திறந்துகொண்டு தூங்குவது'.

தூக்கமில்லை ஐயா, கனவு! அதற்குக் காரணம் உண்டு. எழுத வருவதற்கு முன்னால் நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு டீம்களின் ஜெர்சிக்கு சாம்பிள் அனுப்புவது, கலர் சரியில்லை என்று திட்டு வாங்குவது, மறுபடி அனுப்புவது... இதுதான் பிழைப்பு. நான் வாழ்நாளில் போகவே போகாத ஊர்களின் பெயர்களெல்லாம் பிரின்ட் ஆகி என் மேஜை மேல் கிடக்கும். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்பேன். அந்த ஊரில் ஒரு மைதானம் இருக்கும், சாயங்காலம் கூட்டம் கூடும், அந்தப் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அவர்களுக்கு மைதானம். நமக்கு பேக்கிங் செக்‌ஷன்.

அப்படிப்பட்டவன் கண் முன்னால் ஆறு பெண்கள் 'திருப்பூர்' என்று முதுகில் எழுதிக்கொண்டு, சம்பளம் வாங்கிக்கொண்டு, புரொஃபஷனல் லீக்கில் ஆடினால்? கொஞ்சம் மிதக்கத்தானே தோன்றும்?

ஆனால் அன்றைக்கு மிதக்க விடவில்லை. நன்றாக ஆடிக்கொண்டிருந்த எங்கள் செட்டர் ஸ்டெல்லா திடீரென்று வேறு மாதிரி ஆட ஆரம்பித்தாள்.

வாலிபால் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. எதிரணியிடமிருந்து வரும் பந்தை ஒருவர் எடுப்பார். இரண்டாமவர் அதை வலைக்குப் பக்கத்தில் பதமாகத் தூக்கிக் கொடுப்பார். மூன்றாமவர் ஓடி வந்து எகிறி அடிப்பார். அந்த இரண்டாம் ஆள்தான் செட்டர். அவர் தூக்கிக் கொடுக்காவிட்டால் அடிப்பவர் எகிறி என்ன பயன்?

எங்கள் டீமில் அடிப்பவள் பொங்கலூர் கௌசல்யா. நெடுநெடுவென்று உயரம். அடித்தால் குடோன் அதிரும். அன்றைக்கும் அவள் ஓடி வந்து எகிறினாள். பந்து வரவில்லை. ஸ்டெல்லா அதைத் தானே வலைக்கு அந்தப் பக்கம் தட்டிவிட்டாள். பாயின்ட்! கூட்டம் கைதட்டியது. அடுத்ததும் அப்படியே. மறுபடி பாயின்ட். மூன்றாவது முறை எதிரணி விழித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் தட்டியதெல்லாம் திரும்பி வந்து எங்கள் பக்கமே விழுந்தது. கௌசல்யா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். தோற்றோம்.

இங்கே டீமின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒரு பனியனை ஒரே ஆள் செய்வதில்லை. துணி ஓட்டுவது ஒருவர், சாயம் போடுவது ஒருவர், பிரின்டிங் ஒருவர், தையல் ஒருவர், அட்டைப்பெட்டி இன்னொருவர். எல்லாம் ஜாப் ஒர்க். டீமையும் அப்படியேதான் செய்தார்கள். பெரிய முதலாளி யாரும் கிடையாது. குடோன் ஒருவருடையது. போக வர வேன் ஒருவருடையது. வெளியூர் பிளேயர்கள் தங்குவது ஒருவருடைய ஹாஸ்டல் மாடியில். டிக்கெட் அடிப்பது பிரின்டிங் பட்டறை. முட்டையும் சிக்கனும் மெஸ் வைத்திருப்பவர் பொறுப்பு. அவரும் ஒரு பங்குதாரர்தான்!

முதல் மீட்டிங்கில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். "டீமுக்கு ஆளுக்கு என்ன தர்றீங்க?" என்று கேட்டதும் அத்தனை பேரும் ஒரே குரலில் "ஜெர்சி" என்றார்கள். மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. நெட் வாங்கத்தான் ஆள் இல்லை.

இதையெல்லாம் இழுத்துப் பிடித்து ஒரு வழிக்குக் கொண்டுவந்தவர் என் நண்பர் ஈஸ்வரமூர்த்தி. நல்லூரில் சின்னதாக ஒரு தையல் கம்பெனி வைத்திருக்கிறார். சம்பளத் திட்டமும் அவர் போட்டதுதான். டெய்லருக்கு என்ன கணக்கு? தைத்த பீஸுக்குக் காசு. அதே மாதிரி பிளேயருக்கு எடுத்த பாயின்ட்டுக்குக் காசு. பேருக்கு ஒரு சின்னச் சம்பளம், மற்றதெல்லாம் பீஸ் ரேட்.

"ஒழைச்சவங்களுக்கு ஒழைச்ச காசுங்ணா. இதுல என்னங்க தப்பு?" என்று என்னிடம் கேட்டார். சரிதானே என்று நானும் தலையாட்டினேன். திருப்பூர் தண்ணீர் குடித்தவனுக்கு வேறு எப்படி யோசிக்க வரும்?

விளைவு என்ன? முதல் ஆட்டத்திலேயே பந்து மேலே வந்தால் மூன்று பேர் எகிறினார்கள். ஒருவர் மேல் ஒருவர் மோதி விழுந்தார்கள். தரையில் உருண்டு பந்தை எடுக்க யாருக்கும் மனமில்லை. அதற்கு ரேட் இல்லையே! ஸ்டெல்லா மட்டும் ஒவ்வொரு பந்தாகத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் தூக்கியதை அடித்தவர்களுக்குக் காசு ஏறியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோற்று வந்ததும் ஈஸ்வரமூர்த்தி நேராக ஸ்டெல்லாவிடம் போனார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. ஆனாலும் கொங்கு நாக்கு, மரியாதையை விடாது.

"ஏங்கண்ணு இப்படிப் பண்ணுனே? கௌசல்யா ஓடி வந்து ஓடி வந்து நின்னுச்சில்ல?"

ஸ்டெல்லா முழங்கால் பட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்கு எம்பேர்ல ரெண்டு பாயின்ட் இருக்குண்ணே. இந்த சீசன்ல இதான் மொத தடவ."

அவர் வாயைத் திறப்பதற்குள் இன்னொன்றும் சொன்னாள். வேறொரு ஊர் டீமிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். செட்டருக்கென்றே நல்ல தொகை. ஒரு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும்.

ஈஸ்வரமூர்த்திக்கு வேர்த்துவிட்டது. எங்களுக்கு வேறு செட்டர் கிடையாது. அவள் போனால் டீம் போச்சு.

மறுநாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். ஸ்டெல்லாவின் குடும்பம் தூத்துக்குடிப் பக்கம். அவள் பள்ளிக்கூடம் போகிற வயதில் பனியன் கம்பெனி வேலைக்கென்று இங்கே வந்தவர்கள். அம்மா ரோஸ்மேரி ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. சாப்பாட்டு டப்பாவை மூடியபடியே எங்களை உட்காரச் சொன்னார்.

டெய்லர் கம்பெனி மாறப் போகிறார் என்று தெரிந்தால் எங்கள் ஊர் முதலாளி என்ன செய்வார்? அட்வான்ஸ் கொடுப்பார். ஈஸ்வரமூர்த்தியும் அதையேதான் செய்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார்.

"வேண்டாம்ண்ணே" என்றாள் ஸ்டெல்லா. "அட்வான்ஸ் வாங்குனா ஓடிப் போற ஆளுன்னு அர்த்தம். நான் சொல்லிட்டுத்தான் போவேன்."

"உனக்கு இங்க என்ன கண்ணு கொறை?"

"கொறையெல்லாம் இல்லண்ணே. எனக்கு இங்க ஆடத்தான் ஆசை. காலைல பிராக்டீஸ் முடிச்சிட்டு வந்தா அம்மாவப் பாக்கலாம். என்கூடப் படிச்சவங்க எல்லாம் மேட்ச் பாக்க வர்றாங்க. ஆனா நான் ஆடித்தானே சாப்பிடணும்? ஆசைய மட்டும் வச்சி வாடகை குடுக்க முடியுமா?"

ரோஸ்மேரி சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு, வாசல் வரை வந்து நிதானமாகக் கேட்டார்.

"எம்புள்ள தூக்கிக் குடுக்கா. வேற புள்ள அடிக்கா. நல்லாத்தான் அடிக்கா, நான் இல்லங்கல. ஆனா காசு அடிச்ச புள்ளைக்கு மட்டுந்தான்னா அது எப்படி அண்ணாச்சி?"

ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அங்கிருந்து ஈஸ்வரமூர்த்தியின் கம்பெனி பக்கம்தான். டீ குடிக்கலாம் என்று போனோம். திங்கட்கிழமை. எங்கள் ஊரில் திங்கட்கிழமை என்றால் பாதி ஆளுக்கு ஞாயிறு முடிந்திருக்காது. உள்ளே மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு டெய்லர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல வேலைக்காரர், ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டார்.

"ஏனுங்க, தைக்கலீங்களா?" என்று ஈஸ்வரமூர்த்தி கேட்டார்.

"கைமடி வரலீங்க" என்றார் அவர்.

கைமடி என்பது ஒரு வேலை. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று, துணியை மடித்து, தைக்கத் தோதாக அவர் கையில் எடுத்துக் கொடுப்பவர். பெரும்பாலும் பெண்கள். அவர் கொடுத்தால்தான் டெய்லரின் கை ஓடும். ஆனால் தைத்தது யார்? டெய்லர். பீஸ் யார் பெயரில்? டெய்லர் பெயரில். அதனால்தான் ஈஸ்வரமூர்த்தி கம்பெனியில் கைமடிக்கு என்றைக்குமே பீஸ் ரேட் கிடையாது. ஷிப்ட் சம்பளம். வந்தால் முழுக் கூலி.

ஈஸ்வரமூர்த்தி அந்த டெய்லரையே பார்த்துக்கொண்டு நின்றார். டீ ஆறிப்போனது. ஆடை படிந்ததுகூடத் தெரியவில்லை அவருக்கு.

"கம்பெனி ஆரம்பிச்ச நாள்ல இருந்து கைமடிக்கு ஷிப்ட் போட்டுத்தானுங்ணா குடுக்கறேன்" என்றார் மெதுவாக. "பந்தப் பார்த்ததும் எனக்கு எப்படீங்க மறந்து போச்சு?"

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. உண்மையாகச் சொல்கிறேன். தான் போட்ட திட்டத்தைத் தானே தப்பென்று சொல்கிற முதலாளியை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த வாரமே பங்குதாரர்கள் கூடினார்கள். செட்டருக்கும் நிலையான சம்பளம் என்று ஈஸ்வரமூர்த்தி சொன்னால் சும்மா ஒத்துக்கொள்வார்களா? "செட்டருக்கு எதை எண்ணி நாம சம்பளம் போடறது?" என்றார் அட்டைப்பெட்டிக்காரர். "இன்னைக்கு இவளுக்குப் போட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க" என்றார் வேன்காரர்.

அப்போது சாயப்பட்டறை வைத்திருக்கும் தனலட்சுமி அக்கா வாயைத் திறந்தார். "கலர் நல்லா வந்தா சாயத்துக்குப் பேருங்க. தண்ணி எப்படி இருந்துச்சுன்னு ஆரு கேக்கறாங்க? தண்ணி கெட்டா லாட் மொத்தமும் ரிஜெக்ட்டுங்க." அவ்வளவுதான் சொன்னார். சாயத் தண்ணீர் பற்றி எங்கள் ஊரில் அவரை எதிர்த்துப் பேச யாருக்கும் தைரியம் கிடையாது.

பீஸ் ரேட் போனது. எல்லோருக்கும் மாதச் சம்பளம். அதுவும் சீசனுக்கு மட்டுமல்ல, வருடம் முழுக்க. எப்படிச் சாத்தியம்? மறுபடி ஜாப் ஒர்க்தான்! ஒரு கம்பெனிக்கு ஒரு பிளேயர். கௌசல்யாவின் சம்பளம் நிட்டிங் கம்பெனியில். ஸ்டெல்லாவின் சம்பளம் ஈஸ்வரமூர்த்தி கம்பெனியில். பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு. ஜெயித்தால் வருகிற போனஸ், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் உட்பட எல்லோருக்கும் சமமாக.

பெரிய நகரங்களில் டீமை ஒரே பணக்காரர் தாங்குவார். அவருக்கு அலுத்தால் டீமைக் கலைத்துவிடுவார். எங்கள் டீமைத் தாங்க இத்தனை பேர். ஒருவருக்கு ஆர்டர் இல்லாவிட்டாலும் இன்னொருவருக்கு இருக்கும். இது பொருளாதாரமா, என் பகல் கனவா? இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஈஸ்வரமூர்த்தி போய்ச் சொன்னபோது ஸ்டெல்லா உடனே தலையாட்டிவிடவில்லை. "அவங்க தர்றது இதவிட ஜாஸ்திண்ணே" என்றாள். "ஆனா சீசன் முடிஞ்சா அவ்வளவுதான். நீங்க வருசம் பூரா தர்றேங்கிறீங்க..." ஒரு நாள் யோசித்தாள். பிறகு இந்த சீசன் முடிகிறவரை இருக்கிறேன் என்றாள். அதற்கு மேல் வாக்குக் கொடுக்கவில்லை.

போன ஞாயிறு மறுபடி மேட்ச். குடோனில் உட்கார இடமில்லை. ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் ஒரு பக்கம் தகர டின்னைத் தட்டிக்கொண்டு "திருப்பூர், திருப்பூர்" என்று கத்தினார்கள். அந்தப் பெயரை அவர்கள் வாயில் கேட்க எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் துடைத்துக்கொண்டேன்.

கடைசி செட். கடைசி பாயின்ட். யாரோ ஒருத்தி தரையோடு தரையாக விழுந்து பந்தை எடுத்தாள். ஸ்டெல்லா அதன் கீழே போய் நின்றாள். விரல் நுனியால் மெதுவாகத் தூக்கினாள். பந்து மேலே போய், மிதக்கும் பஞ்சுக்கு நடுவில் ஒரு கணம் அப்படியே நின்றது. நிஜமாகவே நின்றது! கௌசல்யா எகிறினாள். குடோன் அதிர்ந்தது.

"கௌசல்யா! கௌசல்யா!" என்று மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. ஒரு வரிசை மட்டும் வேறு பெயரைக் கத்தியது. திரும்பிப் பார்த்தேன். ஈஸ்வரமூர்த்தி கம்பெனியின் கைமடிப் பெண்கள். தொண்டை கிழிய "ஸ்டெல்லா" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஈஸ்வரமூர்த்தி தயங்கித் தயங்கி அவளிடம் போனார்.

"அடுத்த வருசமும் நம்ம டீம்லயே இருப்பீல்ல கண்ணு?"

ஸ்டெல்லா சிரித்தாள். "நான் தூக்கிக் குடுத்துட்டேண்ணே. வருசம் பூரா சம்பளம்னு சொன்னீங்கல்ல, இனி அடிக்க வேண்டியது நீங்க."

எங்கள் ஊர் இதுவரை எத்தனையோ ஆர்டர் எடுத்திருக்கிறது. இவ்வளவு கஷ்டமான ஆர்டர் இதுதான் முதல் தடவை!