கியர் பெட்டிக்குள் முடி

யுத்தம் முடிந்த மறு வருஷம், திருத்தணிக்கும் பொதட்டூர்பேட்டைக்கும் நடுவே ஓடிய ஒரு கரி வண்டிக்கு நான் டிரைவராக இருந்தேன். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பின்பக்கம் கரி அடுப்பு கட்டிய பஸ். யுத்தம் முடிந்தும் அடுப்பு இறங்கவில்லை. பக்கத்துக் கிராமத்தில் நிலம் வைத்திருந்த ஒருவர்தான் முதலாளி.

ஆடி பிறப்பதற்கு முன்னால் ஒரு நாள், ஓடைக்குள் இறங்கும்போது வண்டியின் அடிப்பாகம் பாறையில் மோதியது. கியர் பெட்டியின் கூடு வார்ப்பிரும்பு. அது போல்ட் மாட்டும் காதிலிருந்து அடிவரைக்கும் விரிசல் விட்டுவிட்டது. எண்ணெய் ஊற்ற ஊற்ற ஒழுகியது. கூட்டை மாற்றாமல் ஓட்டக்கூடாது என்று முதலாளியிடம் சொன்னேன். புதுக் கூடு எங்கே கிடைக்கிறது, மேஸ்திரி பார்த்துக்கொள்வார் என்றார். மேஸ்திரிக்குத் திருத்தணிக் கோயில் மலையடிவாரத்தில் பட்டறை. என்னை இரண்டு நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது கூட்டைச் சுற்றி இரும்புப் பட்டை இறுக்கியிருந்தது. விரிசல் முழுக்கத் தார். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. மேல்மூடியை மட்டும் திறக்க வேண்டாம் என்று மேஸ்திரி சொன்னார். உள்ளே என்ன வைத்து அடைத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் வண்டி கொள்ளாத கூட்டம். பாதிப் பேர் மொட்டை, தலையில் சந்தனம். திருத்தணி தாண்டி நாலு மைல் போயிருப்போம். கியர் இரண்டிலேயே மாட்டிக்கொண்டது. இழுத்தாலும் வரவில்லை, தள்ளினாலும் போகவில்லை. காலடியிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பியது. கரிப்புகைக்கு எல்லோரும் பழகியவர்கள்தான். இது வேறு. முடி பொசுங்கும் நாற்றம். முன் சீட்டில் இருந்தவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

வண்டியை நிறுத்தி எல்லோரையும் இறங்கச் சொன்னேன். சீட்டுக்குப் பக்கத்துப் பலகையைத் தூக்கி, சூடு ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து, மேல்மூடியைக் கழற்றினேன். எண்ணெய்க்குள் கையை விட்டதும் விரலில் என்னவோ சுற்றிக்கொண்டது. இழுத்தேன். வந்தது. இன்னும் இழுத்தேன், இன்னும் வந்தது. தாரும் எண்ணெயும் ஊறிய தலைமுடி, கைப்பிடி கைப்பிடியாக. விரிசலுக்குள் தாரோடு பிசைந்து திணித்திருந்தது சூட்டில் இளகி, பல்சக்கரத்தில் ஏறி, தண்டு முழுக்கச் சுற்றியிருந்தது.

நான் வெளியே குனிந்து வாந்தி எடுத்தேன். நிமிர்ந்தபோது படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு அம்மா நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயசு இருக்கும். முந்தின நாள்தான் முடி இறக்கியிருக்கிறாள். சந்தனம் இன்னும் முழுக்க உதிரவில்லை.

"இன்னா நைனா அது?" என்றாள்.

"சணலும்மா. எண்ணெ ஒழுகாம இருக்க வெப்பாங்க."

"ஆங்" என்றாள். ஆனால் முக்காட்டை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, ரோட்டோரம் தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. சாமிக்கு என்று யாரோ நேர்ந்து கொடுத்த முடி. அதில் வேண்டுதல் என்ன இருந்ததோ. அவள் முகத்துக்கு நேரே பொய் சொன்ன வாயைக் கழுவ அங்கே தண்ணீர்கூட இல்லை.

ஜனங்கள் நடந்தும் கட்டை வண்டி பிடித்தும் போனார்கள். கண்டக்டர் கிராமத்தில் கேட்டு இரண்டு ஜோடி மாடு கொண்டு வந்தார். பஸ்ஸைத் திருத்தணிக்கு இழுத்து வந்தோம்.

நேரே பட்டறைக்குப் போனேன். மேஸ்திரிக்கு வெட்கமே இல்லை. சணல் எண்ணெயில் நைந்துவிடும், முடி நையாது, அடிவாரத்தில் மொட்டை போடும் இடத்தில் கொட்டிக் கிடந்ததை அள்ளினேன், யார் வீட்டிலும் திருடவில்லை என்றார். சொல்லிக்கொண்டே வெற்றிலை மென்றார். அங்கிருந்து முதலாளி வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டும் கை நிற்கவில்லை. அவருக்கு முதலிலேயே தெரியும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"இத்தினி நாளு வண்டி ஓடிச்சா இல்லியா?" என்றார்.

வேறு கூடு இல்லாமல் வண்டி இனி நகராது என்றேன். வண்டி நின்றால் நஷ்டம் என்பதால், நான் பட்டணம் போய்க் கூடு தேடச் சம்மதித்தார். ராணுவம் கழித்த லாரிகளை உடைத்து விற்கும் கிடங்கு ஒன்றில் இரண்டு நாள் துருவினேன். எங்கள் வண்டிக்கு ஒத்த கூடு ஒன்று கிடைத்தது. அதைச் சாக்கில் கட்டி ரயிலில் கொண்டு வந்தேன்.

கூட்டை மாற்றுவது பெரிய வேலை இல்லை. சக்கரங்களைக் கழுவுவதுதான் வேலை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் பல்லாகக் கம்பியால் சுரண்டி எடுத்தேன். நரைத்த முடி இருந்தது. நீளமான முடி இருந்தது. குழந்தை முடி இருந்தது, பட்டு மாதிரி, விரலில் பட்டால்கூடத் தெரியாத அளவுக்கு. சீயக்காய், புளி, சாம்பல் எல்லாம் போட்டுக் கையைத் தேய்த்தும் நாற்றம் போகவில்லை. சோற்றைப் பிசைய முடியவில்லை. ஒரு வாரம் சொம்பில் கஞ்சியாக ஊற்றிக் குடித்தேன். என்ன உடம்புக்கு என்று வீட்டுக்காரி கேட்டாள். சூடு என்று அவளிடமும் பொய் சொன்னேன்.

எடுத்த முடியை ஒரு பழந்துணியில் கட்டி நந்தி ஆற்று மணலில் குழி தோண்டிப் புதைத்தேன். மந்திரம் ஒன்றும் எனக்குத் தெரியாது. வெறுமனே மூடிவிட்டு வந்தேன்.

வண்டி நன்றாக ஓடியது. முதல் நாள் முதலாளி கற்பூரம் ஏற்றி, பூசணிக்காய் உடைத்து, புதுக் கூட்டுக்குக் குங்குமம் வைத்தார். எனக்குப் பார்க்கப் பிடிக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கே மேஸ்திரி வந்து, விரிசல் விட்ட பழைய கூட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அதே மாதிரி அடைத்து வேறு யாரோ ஒருவருடைய வண்டிக்கு அது போகும் என்று எனக்குத் தெரியும். சம்மட்டி என் காலடியில்தான் கிடந்தது. அந்தக் கூட்டில் ஒரு போடு போட்டிருந்தால் உடைந்து முடிந்திருக்கும். நான் எழுந்திருக்கவில்லை.

அந்த வேலையில் இன்னும் மூன்று வருஷம் இருந்தேன்.