வேட்டி கிடந்த கார்

தம்பி லீவில் வந்த நாளிலிருந்து ஐந்தருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அவன் திரும்பிப் போகிற அன்று காலையில்தான் கொட்ட ஆரம்பித்தது. அந்த அருவியை நான் திட்டாத திட்டு இல்லை.

அவன் துபாயில் ஏசி மெக்கானிக். போன இடத்தில் வந்த கல்லடைப்புக்கு ஊரில் வந்து ஆபரேஷன் செய்துகொண்டான். அதனால் லீவை ஒருமுறை நீட்டியாயிற்று. கம்பெனிக்காரன் இரண்டாவது முறை நீட்டத் தயாராக இல்லை. நாளைக் காலை டூட்டிக்கு வா, இல்லாவிட்டால் அங்கேயே இருந்துகொள் என்று சொல்லிவிட்டான். சாயந்தரம் திருவனந்தபுரத்தில் பிளேன். அதை விட்டால் வேலை போச்சு. இந்த லட்சணத்தில் இவனுக்குக் குளியல்.

"போற வழிதானக்கா. அங்கன நின்னு தலைய நனச்சிட்டு அப்படியே செங்கோட்டை வழியாப் போயிருவோம்."

"ஏலே, உனக்குக் குழாய்த் தண்ணி போதாதா?"

"மைனி, விடுங்க. ராத்திரியெல்லாம் இதையேதான் பேசுதாரு" என்றாள் அவன் பெண்டாட்டி. கல்யாணமாகி இரண்டு வருஷம். அவள் அதிகம் பேச மாட்டாள். பேசினால் சிரிப்பு வரும்.

மேலகரத்தில் மாவு மில்லை மூடிவிட்டு நானும் கிளம்பினேன். கார் என் வீட்டுக்காரரின் சிநேகிதருடையது. அன்றைக்குத்தான் இவர் இரவலாக வாங்கி வந்திருந்தார். வெள்ளைக் கார். இப்போது எல்லாரும் வெள்ளைக் கார்தான் வைத்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரி வண்டி மாதிரி. அதன் நம்பர் எங்களில் யாருக்கும் தெரியாது. பெட்டி, பாஸ்போர்ட், டிக்கெட், மாற்றுத் துணி எல்லாம் காருக்குள். சாவியை மட்டும் தம்பி பிளாஸ்டிக் கவரில் போட்டு அரைஞாணில் கட்டிக்கொண்டான்.

குளித்தோம். பெண்கள் பக்கத்தில் நானும் அவளும், ஆண்கள் பக்கத்தில் தம்பியும் என் வீட்டுக்காரரும். வெளியே வந்து சூடாக மிளகாய் பஜ்ஜி தின்றோம். அதோடு கிளம்பியிருக்க வேண்டும். தம்பி இன்னொரு முறை நிற்கிறேன் என்றான். குற்றாலத்துக்கு வருகிறவன் ஒரு குளியலோடு போகவே மாட்டான், அது ஒரு வியாதி. என் வீட்டுக்காரர் ஈர வேட்டியையும் துண்டுகளையும் பிழிந்து வாங்கிக்கொண்டு கார் பக்கம் போனார். கார் பானெட்டின் மேல் ஈரத்துணியை விரித்துப் போடுவது இங்கே எல்லாரும் செய்வதுதான். இன்ஜின் சூட்டில் பாதியாவது காயும். சீசனில் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தால் சலவைத்துறை மாதிரி இருக்கும். விரித்துப் போட்டுவிட்டு பட்டாபட்டி டிரவுசரோடு திரும்பி வந்து அவரும் அருவிக்குள் போனார்.

நாங்கள் முடித்துக்கொண்டு வரும்போது சாரல் பிடித்துவிட்டது. எங்கள் வேட்டி கிடந்த காருக்குப் போனோம். தம்பி சாவியை அமுக்கினான். கார் திறக்கவில்லை.

இனி நடந்ததைச் சொல்லும்முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது எங்கள் கார் இல்லை. இதை இப்போதே சொல்லிவிட்டால்தான் நாங்கள் நான்கு பேரும் எவ்வளவு நன்றாக யோசித்தோம் என்பது உங்களுக்குத் தெரியும்.

"தண்ணி போயிருச்சு சாவிக்குள்ள" என்றான் தம்பி. அவன் தொழிலே கோளாறு கண்டுபிடிப்பது. சாவியைக் கழற்றி பேட்டரியை வாயால் ஊதி மறுபடி மாட்டினான். அமுக்கினான். திறக்கவில்லை. பின்வரிசையில் எவனுடைய காரோ கீக் கீக் என்று கத்தியது.

அடுத்து சாவியைக் கதவில் நுழைத்துப் பார்த்தான். நுழைந்தது, திரும்பவில்லை.

"துரு" என்றார் என் வீட்டுக்காரர். லேத் பட்டறை வைத்திருப்பவர். உலகத்தில் எது ஓடாவிட்டாலும் அவருக்கு அது துருதான். "சாரல் காத்துல உள்ள பிடிச்சிருக்கும். கொஞ்சம் எண்ணெய் விட்டா சரியாயிரும்."

மசாஜ் போடுகிறவரிடம் கெஞ்சி ஒரு குப்பி எண்ணெய் வாங்கி வந்தார். அந்தப் பூட்டுக்குள் ஊற்றினார். பூட்டு குடித்தது. எங்கள் தலைக்கு வைத்ததைவிட அந்தக் கதவுக்கு வைத்த எண்ணெய் அதிகம். தம்பி மறுபடி அமுக்கினான். பின்வரிசையில் கீக் கீக்.

"எந்த மூதேவி காருலே அது, உயிர வாங்குது!" என்று நான் அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினேன்.

"அது வேற ஒண்ணுமில்லக்கா, இன்டர்பியரன்ஸ்" என்றான் தம்பி. "நம்ம சாவியோட சிக்னல அந்தக் கார் இழுக்குது. அதான் நம்ம காருக்கு வந்து சேர மாட்டேங்குது."

நாங்கள் தலையாட்டினோம். ஆமாம், நானும்தான். அவ்வளவு அழகாகச் சொன்னான்.

அவன் பெண்டாட்டி கண்ணாடியில் கையைக் குவித்து உள்ளே பார்த்தாள். கறுப்பு பிலிம் ஒட்டிய கண்ணாடி, உள்ளே ஆவி வேறு. "ஏங்க, உள்ள பச்சைத் தலாணி ஒண்ணு கெடக்கு. நம்ம தலாணி ஏதும் கொண்டு வரலியே."

"அது அத்தானோட பிரண்டு வச்சிருப்பாரு."

"சாமி படம் எதையும் காணோம். வரும்போது ஒண்ணு ஆடிக்கிட்டே இருந்துச்சே."

"கீழ விழுந்திருக்கும்ட்டி. பெட்டி தெரியுதா பாரு."

"கறுப்பா ஏதோ தெரியுது."

"பெறகென்ன? நம்ம பெட்டி கறுப்புதான்."

ஊரில் எவன் பெட்டி கறுப்பில்லை? அந்த நேரத்தில் அது எனக்கும் பெரிய சாட்சியாகத்தான் பட்டது. தலையணை பொருந்தவில்லை, படம் பொருந்தவில்லை, சாவி பொருந்தவில்லை. பெட்டியின் நிறம் பொருந்தியது. போதும் என்று விட்டோம். அதற்கு மேல் எங்கள் வேட்டியும் துண்டும் அதன்மேல் கிடந்தன. துண்டின் ஓரத்தை நானே என் கையால் மடித்துத் தைத்திருந்தேன். அந்தத் தையல் கண்முன்னால் இருக்கும்போது எவளுக்குச் சந்தேகம் வரும்?

என் மில்லில் இதைத் தினமும் பார்க்கிறேன். மாவு நைசாக வரவில்லை என்றால் கல்லைத் திட்டுவார்கள், பெல்ட்டைத் திட்டுவார்கள், என்னைத் திட்டுவார்கள். அரிசியை ஈரத்தோடு கொண்டு வந்தோமே என்று ஒருத்தியும் நினைக்க மாட்டாள். அவர்களை முட்டாள்கள் என்றுதான் வைத்திருந்தேன். முட்டாள்தனம் இல்லை அது. மூளை முதலில் போய் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காது. அங்கேயே உட்கார்ந்துகொண்டு மீதி எல்லாவற்றையும் பிரமாதமாக யோசிக்கும்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. ஈரத் துணியில் நால்வரும் நடுங்கினோம். தம்பி முகம் வெளுத்துவிட்டது. கார் கொடுத்தவருக்குப் போன் செய்யலாம் என்றால் எங்கள் போன்களும் காருக்குள்தான். கால் கடுத்து, பின்வரிசையில் கத்தின அந்தக் காரின் மேலேயே போய்ச் சாய்ந்து நின்றேன். வாங்கி வைத்திருந்த ரம்புட்டான் பையை அதன் கூரைமேல் வைத்துவிட்டு ஒன்றை உரித்துத் தின்றேன். தம்பி சாவியை அமுக்க, நான் சாய்ந்திருந்த கார் என் முதுகுக்குப் பின்னால் கீக் என்றது. துள்ளிக் குதித்தேன். கையிலிருந்த பழத்தை அந்தக் காரின் மேலேயே எறிந்தேன்.

"பாத்தியா? நாஞ் சொன்னேன்லா, இழுக்குதுன்னு" என்றான் தம்பி. அந்தக் கஷ்டத்திலும் அவனுக்குத் தன் கண்டுபிடிப்பில் ஒரு பெருமை.

"ஏலே, பெருமையை அப்புறம் பேசு. பிளேனுக்கு என்ன செய்யப் போற?"

"கண்ணாடிய ஒடச்சிருவோம்."

யாரும் மறுக்கவில்லை. சிநேகிதருக்குப் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்துவிடலாம், வேலையைத் திருப்பி வாங்க முடியாது. என் வீட்டுக்காரர் ஒரு கல்லை எடுத்து, பானெட்டில் கிடந்த துண்டு ஒன்றை உருவி அதைச் சுற்றினார். பட்டாபட்டி டிரவுசர், நெற்றியில் வழியும் தண்ணீர், கையில் கல். நான் "கண்ணப் பாத்துக்கோங்க" என்று கத்தினேன்.

"ஏய்! எந்தா இது? எந்தா செய்யுன்னது?"

தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர் ஓடி வந்தார். அவர் பின்னால் அவர் மனைவி. "இது என்டெ வண்டியாணு!"

தம்பிக்கு மலையாளம் வரும். துபாயில் அவன் அறையில் பாதிப் பேர் கேரளாக்காரர்கள். அவன் நிதானமாக, "சேட்டா, இது ஞங்ஙளுடெ வண்டி. நோக்கு, ஞங்ஙளுடெ முண்டு" என்று வேட்டியைக் காட்டினான்.

பெரியவர் வேட்டியைப் பார்த்தார். என் வீட்டுக்காரரின் டிரவுசரைப் பார்த்தார். தன் சாவியை எடுத்து அமுக்கினார். கார் கிளிக்கென்று திறந்தது.

அப்போதாவது எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். தம்பி என் காதில் சொன்னான்: "அக்கா, இவரு சாவி நம்ம காருக்கும் சேருது."

நான் அதையும் நம்பினேன். பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, நல்லா இருப்பிய, பெட்டிய மட்டும் எடுத்துக்கிடுதோம்" என்றேன். அதற்குள் அவர் மனைவி கதவைத் திறந்து அந்தப் பச்சைத் தலையணையை எடுத்து உதறி இடுப்புக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு பெண்பிள்ளை தன் தலையணையில் சாய்கிற சாய்ப்பு இருக்கிறதே, அதைப் போலியாகச் செய்ய முடியாது. நான் பெரியவரின் கையை விட்டேன்.

"நம்பர் நோக்கு, நம்பர்" என்றார் பெரியவர்.

பானெட்டிலிருந்து முன்பக்கம் தொங்கிய வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அடியில் கேரளா நம்பர். பின்னால் போய் நம்பரைப் பார்க்க எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. முழுக் கேரளாவும் என் புருஷன் வேட்டிக்கு அடியில் இருந்தது.

"அப்ப நம்ம கார் எங்க?" தம்பி தலையில் கை வைத்தான். "போச்சு! தூக்கிட்டுப் போயிட்டானுவ! அக்கா, போலீசுக்குப் போவணும்!"

இவன் ஒரு முடிவிலிருந்து எழுந்தால் உடனே இன்னொன்றில் போய் உட்காருவான். அவன் பெண்டாட்டி அவன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினாள். அமுக்கினாள். கீக் கீக். அவள் சத்தம் வந்த பக்கம் நடந்தாள். மறுபடி அமுக்கினாள். இன்னும் கொஞ்சம் நடந்தாள். கூரையில் ரம்புட்டான் பை இருந்த காரின் கதவைத் திறந்து, "ஏங்க, பிளேனுக்கு நேரமாச்சு. வாங்க" என்றாள்.

இவ்வளவு நேரமும் அந்தக் கார், நான் இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன் என்று கத்திக்கொண்டிருந்தது. அமுக்கின ஒவ்வொரு தடவையும் திறந்து பூட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் அதைத் திட்டினோம். பழத்தால் அடித்தோம்.

பெரியவரிடம் மன்னிப்புக் கேட்கக்கூட நேரமில்லை. ரம்புட்டான் பையை அவர் கையில் திணித்தேன். அவர் கதவுப் பிடியைத் தொட்டு, விரலை முகர்ந்து, "எண்ணயோ?" என்று கேட்டார். நாங்கள் காரில் ஏறி ஓடிவிட்டோம்.

செங்கோட்டை தாண்டினோம். புளியரை ஏற்றத்தில் லாரிகள் வரிசையாக ஊர்ந்தன. தம்பி வாட்சைப் பார்ப்பதும் லாரியைப் பார்ப்பதுமாக இருந்தான். ஈரச் சட்டையை இன்னும் மாற்றவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க வேட்டிய எதுக்கு அந்தக் காருல கொண்டு போட்டிய?"

ஓட்டிக்கொண்டிருந்தவர் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு வெள்ளக் காரு நின்னுச்சு. எது நம்மதுன்னு தெரியல. ரெண்டு பானெட்லயும் கைய வச்சுப் பாத்தேன். ஒண்ணு சில்லுன்னு இருந்துச்சு, ஒண்ணு சூடா இருந்துச்சு. நாமதான ஓட்டிட்டு வந்தோம், அதான் சூடா இருக்கதுல போட்டேன்."

"நாம குளிச்சு, பஜ்ஜி தின்னு முடிக்கவும் நம்மது ஆறியிருக்குமே! சூடா இருக்கது இப்ப வந்தவன் காரு!"

"இப்பச் சொல்லுத. வேட்டியப் பாத்துட்டு நீயும்தான் அங்கன வந்து நின்ன."

முதலில் சிரித்தது அவன் பெண்டாட்டி. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் தம்பி. அவன் சிரித்துக்கொண்டே, "லாரிய முந்துங்க அத்தான், முந்துங்க அத்தான்" என்று அழுகிற குரலில் கெஞ்சினான். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. வாயைத் திறந்தால் திட்டுக்குப் பதிலாகச் சிரிப்புதான் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்து, வயிறு வலித்து, "நாசமாப் போறவனுவளா" என்று சொல்ல வந்து பாதியில் நிறுத்தினேன். பிளேன் பிடிக்கப் போகிறவனிடம் சொல்கிற வார்த்தையா அது.

திருவனந்தபுரத்தில் காரை நிறுத்தும்முன்னே அவன் இறங்கி ஓடினான். பெண்டாட்டியின் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்ததோடு சரி. அவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த நேரத்தைத்தான் அந்தக் கதவுக்கு எண்ணெய் போட்டுத் தீர்த்துவிட்டோம். அவள் ஏர்போர்ட் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். இப்போது சிரிக்கவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏறிருவாருல்லா மைனி?"

"ஏறாட்டா நான் போய் ஏத்துவேன்."

வெகு நேரம் கழித்து அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். அவன் மூச்சு வாங்கினான்.

"உள்ள உக்காந்துட்டேன். கடைசி ஆளு நாந்தான். நாளைக்குக் காலைல டூட்டி போட்டு மெசேஜ் வந்திருக்கு."

"சட்ட மாத்துனீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"எங்க மாத்த? பெட்டியத்தான் உள்ள அனுப்பிட்டாங்களே."

நான் போனைப் பிடுங்கினேன். "ஏலே, அந்தப் பிளேன்காரிகிட்ட ஒரு போர்வ கேளு. வெக்கப்படாமக் கேளு. நாளைக்குக் காய்ச்சலோட வேலைக்குப் போனா அங்கன வந்து மிதிப்பேன்."

"சரிக்கா" என்றான்.

போனை அவளிடம் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றேன். அவர்கள் பேசட்டும்.