சீலை மறைத்த சுவர்

எங்கள் வீட்டுக்கு முன்னால் ஓடும் சுற்றுவீதியை நிலத்துக்குக் கீழே இறக்கப் போகிறார்கள் என்று ஒருநாள் கேள்விப்பட்டோம். மியூனிக்கை வளைத்துக்கொண்டு போகிற வீதி அது. காரும் லொறியும் ஓயாது. இனி எல்லாம் சுரங்கத்துக்குள்ளால் போகும், மேலே புல்லும் மரமும் வரும், யன்னலைத் திறந்து வைத்துப் படுக்கலாம் என்று இவர் சந்தோசப்பட்டார். எனக்கு வேறு யோசனை. இவ்வளவு பெரிய கிடங்கை வெட்டினால், அதன் ஓரத்தில் நிற்கிற வீடு என்ன செய்யும்?

"வீடு என்ன செய்யும், எட்டிப் பாக்கும்" என்றார் என்ர மனுசன்.

வேலை தொடங்க முன்னம் ஒரு கடிதம் வந்தது. வேலையால் பழுது வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க, ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் வந்து உள்ளே படம் எடுப்பார்களாம். எங்களுக்கும் நாளும் நேரமும் குறித்து ஒரு டெர்மின் போட்டிருந்தார்கள். வீட்டைப் பார்க்க ஆள் வருகுது என்றால் எங்கட ஆக்கள் சும்மா இருப்பமோ? மகளின் அறைச் சுவரில், நாங்கள் குடிவந்த காலந்தொட்டு ஒரு வெடிப்பு இருந்தது. வெள்ளைப் பசை வாங்கி அதை அடைத்து, காய்ந்ததும் தேய்த்து, சுவர் முழுக்கப் பெயின்ற் அடித்தோம். வந்த ஜெர்மன்காரர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அறை அறையாகப் படம் எடுத்தார். நல்ல துப்புரவான வீடு என்றார். தேத்தண்ணியும் ரோல்சும் கொடுத்து அனுப்பினோம். கீழ்வீட்டு ஜெர்மன் மனுசி தன் அலுமாரியையே இழுத்துவிட்டு, நகக்கீறல் மாதிரிக் கிடந்த வெடிப்புகளைக்கூட அவருக்கு ஒவ்வொன்றாய்க் காட்டினாவாம். கேட்க எங்களுக்கு அவவை நினைத்து வெட்கமாய் இருந்தது.

பிறகு வேலை தொடங்கியது. வாகனங்களை எங்கள் யன்னல் பக்கமாகத் திருப்பிவிட்டு, நடு வீதியைத் துளைத்தார்கள். நிலத்தடித் தண்ணீரை இறைத்து, தலைக்கு மேலே நீலக் குழாய்களில் கொண்டுபோனார்கள். தண்ணியை உறிஞ்சினால் மண் இறங்காதோ? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். விளங்காதபடியால்தான் இத்தனை யோசனை என்று இவர் சொல்லுவார். இருக்கலாம். ஆனால் எங்கள் வெளிச்சுவரில் சின்னக் கண்ணாடி ஒன்றை ஒட்டியிருந்தார்கள். வீதிக்கு அங்கால் ஒரு கருவி, தானாகத் தலையைத் திருப்பித் திருப்பி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும். வீடு அசைகிறதோ என்று பார்க்கிறதாம். அசையாது என்று நம்புகிற வீட்டை ஆராவது அப்படிப் பார்ப்பார்களோ?

ஒருநாள் மத்தியானம் மகளின் கட்டில் விரிப்பை மாற்றும்போது கண்டேன். பெயின்ற் மயிரிழை மாதிரிப் பிரிந்திருந்தது. கொஞ்ச நாளில் நகம் நுழையிற அளவுக்கு வந்துவிட்டது. அவள் தலை வைத்துப் படுக்கிற பக்கம். கட்டிலை அன்றைக்கே எங்கள் அறைக்கு இழுத்தேன்.

"பழைய வெடிப்புத்தான், பசை விட்டிருக்கு" என்றார் இவர்.

"பழசு இவ்வளவு நீளமோ? அது மேல அடிச்சிருந்த ஆணிக்குக் கீழையே நிண்டது."

"இல்லையப்பா, மேல வரைக்கும் போனது. நான்தானே ஏணியில ஏறி அடைச்சனான்."

"நீங்கள் ஏறினது ஆணியைப் புடுங்க."

கடிதத்தில் இருந்த நம்பருக்கு அடித்தேன். ஒரு இளம் இஞ்சினியர் பிள்ளையை அனுப்பினார்கள். கதவைத் திறந்ததும், "அக்கா, தமிழா? பெல்லுல பேர் பாத்ததுமே நெனச்சேன்" என்றாள். சென்னைப் பிள்ளை. இவர் என் காதுக்குள், "புதுசு எண்டே சொல்லு, சுவரைத் திருத்தித் தருவாங்கள்" என்றார். எனக்குச் சுவரோ கவலை?

அவள் தன் கருவியில், முதல் வந்தவர் எடுத்த படத்தைப் பார்த்தாள். "இதுல சுவர் பளிச்னு இருக்கே அக்கா."

"பளிச்செண்டு இருக்கத்தான் பெயின்ற் அடிச்சனாங்கள். அதுக்கு முதலே இஞ்ச ஒரு வெடிப்பு இருந்தது."

"போட்டோ எடுக்க வர்றதுக்கு முன்னாடியே அடிச்சிட்டீங்களா?"

"ஆள் வந்து போன பிறகோ அடிக்கிறது?"

சிரித்துவிட்டாள். "எங்கம்மாவும் இதேதான் பண்ணுவாங்க." பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: பழசு அதே நீளத்துக்குத் திரும்ப விட்டிருந்தால் பெரிதாகப் பயமில்லை, நீண்டிருந்தால் அது வேறு கதை. "பெயிண்டுக்கு முன்னாடி எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா?"

இல்லாமலோ? மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அந்தச் சுவருக்கு முன்னால்தான் கேக் வெட்டினோம். மூன்று பேரும் போனுக்குள் தலையை விட்டோம். முதலாம் பிறந்தநாள், சுவரில் என்ர கூறைச்சீலை. அடுத்தது, மச்சாளின் பச்சைச் சீலை. அதற்கடுத்தது நீலம், பலூனும் சேர்த்து. எல்லாப் படத்திலும் சீலை.

"வெடிப்பை மறைக்கத்தானே கட்டினது" என்றார் இவர், என்னவோ நான் மறந்துபோனது போல.

"சாரி கலெக்‌ஷன் சூப்பர்கா" என்றபடி அவள் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு படத்தில் நிறுத்தினாள். மகள் அழுதுகொண்டு சீலையின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். அதற்குக் கீழே, தரையோரப் பலகைக்குக் கொஞ்சம் மேலே, வெடிப்பின் கீழ்முனை. சுவரோடு ஒத்துப் பார்த்தோம். அதே இடம்.

"பாத்தியா? பழசு" என்றார் இவர்.

"கீழ்முனைதானே பழசு. மேல்முனை?" என்றேன்.

அது ஒரு படத்திலும் விழவில்லை. அவள் மேல்முனைக்குக் குறுக்கே, கட்டம் போட்ட கண்ணாடிப் பிளாஸ்டிக் ஒன்றை ஒட்டினாள். நடுவில் சிவப்புச் சிலுவைக்கோடு. வெடிப்பு அகன்றால் அது நகரும், உடனே கூப்பிட வேணும் என்றாள்.

"பிள்ளை இஞ்ச படுக்கலாமோ?"

"வெளிய எடுக்கிற அளவெல்லாம் நார்மலாதான் இருக்குகா."

"அது வீட்டுக்கு. நான் பிள்ளையைக் கேக்கிறன்."

"உங்க பக்கத்து மண்ணை இனிமேதான் ஆழமா தோண்டுவோம். அது முடியிற வரைக்கும் உங்க ரூம்லயே படுக்கட்டும் அக்கா."

கோடு இன்றைக்கு வரைக்கும் நகரவில்லை. வேலைக்குப் போக முன்னம் பார்ப்பேன், வந்தும் பார்ப்பேன். இவர் இப்போது பகிடி விடுவதில்லை. நான் பார்க்காத நேரம் அவரும் போய்ப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும்.

போன கிழமை மகளுக்குப் பிறந்தநாள். மச்சாள் வாசலிலேயே கேட்டா: "என்ன மச்சாள், சீலையெல்லாம் தோய்க்கப் போட்டாச்சோ? இந்த ஓட்டைச் சுவரோடயோ பிள்ளைக்குக் கேக் வெட்டுறது?"

"இந்தமுறை சுவரும் படத்தில விழட்டும்" என்றேன். எங்கள் ஆட்களுக்கு முன்னால் அதைச் சொல்ல நாக்குக் கூசத்தான் செய்தது.

இவர் போனோடு பின்னுக்குப் போய், கதவு நிலையோடு முதுகு முட்டும்வரை போனார், நிலத்திலிருந்து கூரைமட்டும் சுவர் முழுக்க விழவேணும் என்று. மகள் புதுச் சட்டையோடு, கத்தியைப் பிடித்தபடி நேர் நடுவில் நின்றாள். வெளியே மண் தோண்டுகிற மெசின் எங்கள் பக்கமாகத் திரும்பியிருந்தது. மேசையில் கோப்பைகள் மெல்லக் கிலுங்கின.

"கொஞ்சம் அங்கால நில்லம்மா" என்றார் இவர். "வெடிப்பை மறைக்கிறாய்."